ஹம்மாதின் கவிதையும் கலீபாவின் தீர்ப்பும்

மீலாது விழாவையொட்டி நடைபெற்ற மாணவர் கட்டுரைப் போட்டி ஒன்றில் நடுவருள் ஒருவராக அமரும் வாய்ப்பு அண்மையில் எமக்குக் கிட்டியது. வந்த கட்டுரைகளுள் மூன்று, நடையழகில் ஏனையவற்றினும் மேம்பட்டு நின்றன. அம்மூன்றிலும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அருளியதாக ஒரே பொன்மொழி காணப்பட்டது. கருத்தால் இனிய மொழி. சொல்லால் செறிந்த மொழி. ஆயினும் நாமறிந்த எந்த ஹதீஸ் தொகுப்பிலும் அது இல்லை. உடனிருந்த ஆலிம் பெருந்தகையும் கிதாபுகளைப் புரட்டிப் பார்த்து, இல்லையென்றே கூறினார். எழுதியவர்களுள் ஒரு மாணவியை அழைத்து, "இதனை எங்கிருந்து எடுத்தாய், அம்மா?" என வினவினோம். "கைபேசியில் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டேன், ஐயா. அது கொடுத்தது. அழகாக இருந்தது, எழுதினேன்" என்றாள். அவள் முகத்தில் கள்ளம் சிறிதும் இல்லை.

"அழகாக இருந்தது, எழுதினேன்." இச்சொற்கள் எம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தன. ஏனெனில் ஏறத்தாழ 1,250 ஆண்டுகளுக்கு முன்னர் அரபு இலக்கிய உலகைக் கலக்கிய பெருவழக்கு ஒன்றின் வேரும் இதுவே. அவ்வழக்கில் பொறி எதுவும் இல்லை, மனிதர்களே இருந்தனர். எனினும் இன்று எழுத்தாளர்கள் செயற்கை நுண்ணறிவைத் தம் படைப்பில் பயன்படுத்தலாமா என்று உலகம் முழுவதும் நிகழும் வாதத்திற்கு, அவ்வழக்கின் தீர்ப்பு நல்லதோர் அளவுகோலாக அமைந்துள்ளது.

இன்றைய வினா

2022ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் 'சாட்ஜிபிடி' என்னும் உரையாடற் பொறி பொதுமக்கள் கைக்கு வந்தது. கணக்கற்ற நூல்களையும் கட்டுரைகளையும் உள்வாங்கி, எச்சொல்லின் பின் எச்சொல் வரத்தகும் என்பதைக் கணித்துச் சொற்றொடர்களைக் கோத்துத் தருவது இவ்வகைப் பொறியின் இயல்பு. கடிதம் கேட்டால் கடிதம். கதை கேட்டால் கதை. இன்ன கவிஞரின் நடையில் ஒரு பாட்டு வேண்டுமெனக் கேட்டால் அதுவும் நொடிப்பொழுதில் கிடைக்கும்.

எழுத்தாளர் உலகம் இதன்பின் இரு கூறாயிற்று. "தச்சனுக்கு உளி எவ்வாறோ, எழுத்தாளனுக்கு இப்பொறி அவ்வாறே, கருவியைப் பழிப்பானேன்?" என்பார் ஒரு சாரார். "எங்கள் நூல்களைக் கேளாமலே கற்றுக்கொண்டு, எங்கள் நடையிலேயே எழுதி, எங்கள் பிழைப்பிலேயே மண்ணைப் போடுகிறது இது" என்பார் மறு சாரார். இரு சாராரின் கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும் இருவரும் கருவியின் ஆற்றலைப் பற்றியே பேசுகின்றனர். அரபு இலக்கிய வரலாறோ நம்மை வேறொரு வினாவின் முன் கொண்டுபோய் நிறுத்துகின்றது. இச்சொல்லுக்குப் பொறுப்பாளி யார்? யாருடைய சொல்லாக இது நம்மிடம் வந்து சேர்கின்றது? இதுவே அவ்வினா.

நினைவே நூலகமாக

இஸ்லாத்திற்கு முந்திய அரபுக் கவிதைகள் பெரும்பாலும் ஏட்டில் வாழ்ந்தவை அல்ல. நாவிலும் நெஞ்சிலும் வாழ்ந்தவை. ஒவ்வொரு பெருங்கவிஞரையும் சார்ந்து 'ராவி' எனப்படும் அறிவிப்பாளர் ஒருவர் இருப்பார். கவிஞரின் பாடல்களை மனனம் செய்து, பிறருக்கு ஓதிக் காட்டுவது அவர்தம் பணி. காலப்போக்கில் அந்த ராவியே கவிஞராக மலர்வதும் உண்டு. அவ்ஸ் இப்னு ஹஜரின் ராவியாக இருந்து கவிஞரானவர் ஜுஹைர். அவர்தம் மைந்தரே, அண்ணலார் திருமுன் 'பானத் சுஆத்' பாடிப் போர்வையைப் பரிசாகப் பெற்ற கஅப் இப்னு ஜுஹைர் (ரலி) அவர்கள்.

இப்பாடல்கள் வெறும் பொழுதுபோக்கல்ல. திருக்குர்ஆனின் அருஞ்சொல் ஒன்றிற்குப் பொருள் காண, அச்சொல்லைப் பண்டை அரபியர் எவ்வாறு ஆண்டனர் என்று பாடல்களில் தேடும் வழக்கம் தொடக்கக் காலத்திலேயே இருந்தது. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் இவ்வழியில் சிறந்து விளங்கியதாக நூல்கள் கூறும். ஆகவே பண்டைப் பாடலில் ஒரு போலி அடி புகுமாயின், அது இலக்கியத்தோடு நின்றுவிடாது. இலக்கணத்தையும் அகராதியையும் கடந்து, மார்க்க விளக்கம் வரை சென்று தீண்டும்.

ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் கூஃபா நகரில் இத்தகைய ராவிகளுள் தலைசிறந்து விளங்கியவர் ஹம்மாத். 'அர்ராவியா', அதாவது பேரறிவிப்பாளர், என்னும் பட்டமே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. முஅல்லக்காத் எனப் போற்றப்படும் நெடும்பாடல்களைத் தொகுத்தவராகவும் அவர் கருதப்படுகின்றார். அவர்தம் நினைவாற்றல் பற்றி ஒரு செய்தி உண்டு. உமையா கலீபா இரண்டாம் வலீத், இப்பட்டம் உமக்கு எவ்வாறு வந்தது எனக் கேட்டாராம். அரபு நெடுங்கணக்கின் ஒவ்வோர் எழுத்திலும் முடியும் நெடும்பாடல்கள் நூறு நூறாக, அதுவும் இஸ்லாத்திற்கு முந்தியவை மட்டுமே, என்னால் ஓத இயலும் என்றாராம் ஹம்மாத். சோதனை தொடங்கிற்று. கேட்டுக் கேட்டுக் கலீபா களைத்துப் போனார். எஞ்சியதைக் கேட்க வேறொருவரை அமர்த்தினார். 2,900 பாடல்கள் ஓதப்பட்டன. 100,000 திர்ஹம் பரிசாக வழங்கப்பட்டது.

எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். ஆனால் ஒரு மொழியின் கவிதைச் செல்வம் முழுவதையும் ஒருங்கே உள்வாங்கிய நெஞ்சம் ஒன்று இருந்தது என்பது தெளிவு. இன்று நாம் பொறிக்குள் காணும் வியப்பை, அன்று அரபுலகம் ஒரு மனிதருக்குள் கண்டது.

முஃபள்ளலின் முறையீடு

அதே கூஃபா நகரில் வாழ்ந்தவர் அல்முஃபள்ளல் அள்ளப்பி. அப்பாஸியக் கலீபா மன்சூருக்கு எதிரான கிளர்ச்சியில் கலந்துகொண்டு சிறைப்பட்டு, பின்னர் மன்னிக்கப்பட்டு, இளவரசர் மஹ்திக்கு ஆசிரியராக அமர்ந்தவர். மாணவருக்காக அவர் தேர்ந்து தொகுத்த 'முஃபள்ளலிய்யாத்' என்னும் தொகுப்பு, ஏறத்தாழ 126 பாடல்களைக் கொண்டது. பண்டை அரபுக் கவிதைக்கு இன்றளவும் நம்பத்தகுந்த சான்றாக விளங்குவது.

ஹம்மாதைப் பற்றி இவர் கூறியதாக ஒரு முறையீடு நூல்களில் பதிவாகியுள்ளது. ஹம்மாத் கவிதையைக் கெடுத்துவிட்டார். அது இனி ஒருபோதும் சீராகாது என்றார் முஃபள்ளல். ஏன், ஓதுவதில் பிழை செய்கின்றாரா, இலக்கணத்தில் தவறுகின்றாரா எனக் கேட்டனர். அவ்வாறு இருந்திருந்தால் தாழ்வில்லை. பிழையை அறிஞர்கள் திருத்திவிடுவர் என்றார் அவர். அவர்தம் அச்சம் வேறு. ஹம்மாத் அரபியரின் வழக்குகளை அறிந்தவர். ஒவ்வொரு கவிஞரின் போக்கையும் பொருளையும் அறிந்தவர். ஆகவே ஒருவர் நடையில் தாமே பாடி, அதனை அவர் பாடலுக்குள்ளேயே செருகிவிடுகின்றார். அது நாடெங்கும் பரவிவிடுகின்றது. தேர்ந்த திறனாய்வாளர் அன்றிப் பிறரால் அதனைப் பிரித்தறிய இயலாது. அத்தகையோர் எங்கே இருக்கின்றனர்? இதுவே அம்முறையீட்டின் சாரம்.

வாசகர்கள் இவ்விடத்தில் சற்றே நின்று எண்ணிப் பார்க்க வேண்டுகின்றோம். முஃபள்ளல் அஞ்சியது மட்டமான கவிதையை அன்று, நல்ல கவிதையை! தீய போலி தானே வெளிப்பட்டுவிடும். சிறந்த போலியே உண்மையோடு கலந்து மறையும். எழுத்துப் பொறிகளைக் குறித்து, "அது எழுதுவது உயிரற்ற எழுத்து, ஆகவே அஞ்ச வேண்டா" என்று தேற்றிக்கொள்வோர் பலர். அது நன்றாக எழுதும் நாளில் அவர்கள் எதனைக் கொண்டு தேறுவர்?

ஒரே நாளில் இரு பரிசுகள்

கலீபா மஹ்தியின் (ஆட்சி 775–785) அவையில் நடந்ததாக ஒரு நிகழ்ச்சியை, அபுல் ஃபரஜ் அல்இஸ்பஹானி தம் பெருநூலாகிய 'கிதாபுல் அகானி'யில் பதிவு செய்துள்ளார்.

ஜுஹைரின் பாடல் ஒன்று, "இதை விடு" என்னும் பொருள்படத் திடீரெனத் தொடங்குகின்றது. எதை விடச் சொல்கின்றார்? முன்னே ஏதும் இல்லையே! கலீபா முதலில் முஃபள்ளலை அழைத்துக் கேட்டார். "இது குறித்து நான் ஏதும் செவியுற்றதில்லை, கவிஞர் தம் உள்ளத்தில் எதையோ எண்ணியிருந்து, அதை விடுத்துப் புகழுரைக்குத் திரும்பியிருக்கலாம்" என்னும் கருத்தில் அவர் விடையிறுத்தார். பின்னர் ஹம்மாத் அழைக்கப்பட்டார். அவர் தயங்கவே இல்லை. அப்பாடலுக்கு முன் இன்னின்ன அடிகள் உண்டு என்று சில அடிகளை ஓதினார். காட்சி, நயம், யாப்பு எல்லாம் ஜுஹைரின் கைவண்ணமாகவே இருந்தன.

கலீபா சிறிதுநேரம் தலைகவிழ்ந்திருந்தார். பின்னர் ஹம்மாதிடம் கடுமையான சத்தியம் வாங்கிக்கொண்டு, அவ்வடிகளை இயற்றியவர் யாரெனக் கேட்டார். தாமே இயற்றியதாக ஹம்மாத் ஒப்புக்கொண்டார். உடனே தீர்ப்பு அவையோருக்கு அறிவிக்கப்பட்டது. ஹம்மாதின் கவிதை நன்றாயிருந்தமையால் அவருக்கு 20,000 திர்ஹம் பரிசு. பிறர் கவிதையில் தம் கவிதையைக் கலந்தமையால் அவர்தம் அறிவிப்பு தள்ளுபடி. முஃபள்ளலின் வாய்மைக்கும் அறிவிப்பின் நேர்மைக்கும் 50,000 திர்ஹம்.

இந்நிகழ்ச்சியை ஓதும்போது ஒன்றனை மறைத்தல் கூடாது. ஹம்மாத் மறைந்த ஆண்டு பற்றி நூல்கள் மாறுபடுகின்றன. மஹ்தி அரியணை ஏறுமுன்பே அவர் காலமாகிவிட்டார் என்பது ஒரு கூற்று. ஆதலின் இச்சந்திப்பு இவ்வாறே நடந்ததா என ஐயுறும் ஆய்வாளர்களும் உளர். போலி அறிவிப்பைக் கண்டிக்கும் கதையே ஐயத்திற்கு இடமாயிற்று! ஆயினும் அத்தீர்ப்பில் அமைந்த நீதியை அரபுத் திறனாய்வு உலகம் ஏற்றுக்கொண்டது. ஹிஜ்ரி 231இல் மறைந்த இப்னு சல்லாம் அல்ஜுமஹீ, கவிஞர்களைத் தரம்பிரித்து எழுதிய தம் நூலில் ஹம்மாதை நம்பத்தகாதவர் என்றே குறிக்கின்றார்.

அத்தீர்ப்பின் நுட்பத்தைக் காண்போம். கலீபா கவிதையை எரிக்கச் சொல்லவில்லை; கவிஞரைச் சிறையிடவும் இல்லை. அழகு வேறு, வாய்மை வேறு எனப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே எடை போட்டார். அழகுக்கு உரியதை அளித்தார். அதனினும் இரண்டரை மடங்கு மிகுதியாக, "நான் செவியுற்றதில்லை" என்ற ஒரு சொல்லுக்கு அளித்தார். அறியாததை அறியேன் என்பதற்கு இத்துணை உயர்ந்த விலை வரலாற்றில் வேறெங்கும் தரப்பட்டதுண்டோ, நாமறியோம்.

காலங்கடந்த தௌபா

பஸராவைச் சார்ந்த கலஃப் அல்அஹ்மர் என்பவரும் இத்தகைய பேராற்றல் படைத்தவரே. பண்டைக் கவிஞர்களின் பெயரால் தாமே பாடி, கூஃபா வாசிகளுக்கு ஓதிக் கொடுத்துவந்தார். முதிர்ந்த வயதில் அவர் உள்ளம் மாறியது. குர்ஆன் ஓதுவதிலும் வணக்கத்திலும் ஈடுபட்டார். கூஃபாவுக்குச் சென்று, "நான் கொடுத்தவற்றுள் இன்னின்னவை என் புனைவுகள்" என மனம்விட்டு உரைத்தார். அவர்களோ, "அன்று எங்களுக்கு ஓதியபோது நீர் இன்றைவிட நம்பிக்கைக்குரியவராக இருந்தீர்" எனக் கூறி, அவர் சொல்லை ஏற்க மறுத்துவிட்டதாகச் சொல்லப்படுகின்றது. போலிப் பாடல்கள் ஏடுகளில் நிலைத்துவிட்டன.

அல்லாஹ்விடம் தௌபாவின் வாயில் திறந்தே இருக்கின்றது. ஆனால் மக்கள் நாவில் விடப்பட்ட பொய்ச்சொல்லைத் திரும்ப அழைக்கும் வாயில், அதை விட்டவருக்கே அடைபட்டுவிடுகின்றது. எழுதுகோல் ஏந்துவோர் அனைவரும் நெஞ்சில் இருத்த வேண்டிய செய்தி இது.

இதன் விளைவு எத்துணைக் காலம் நீடித்தது தெரியுமா? 1926ஆம் ஆண்டில் எகிப்து நாட்டு அறிஞர் தாஹா ஹுசைன், 'ஜாஹிலிய்யாக் கவிதை பற்றி' என்னும் தலைப்பில் நூலொன்று வெளியிட்டார். இஸ்லாத்திற்கு முந்தியவை எனப்படும் பாடல்களில் மிகப் பெரும்பான்மை பிற்காலத்தில் புனையப்பட்டவை என்பது அவர் வாதம். அதற்கு அவர் சுட்டிய சான்றுகளுள் ஹம்மாதும் கலஃபும் இடம்பெற்றனர். எகிப்தில் பெரும் கொந்தளிப்பு எழுந்தது. அரசு வழக்குரைஞர் விசாரணை நடத்தினார். அந்நூல் திரும்பப் பெறப்பட்டு, 1927இல் மாற்றங்களுடன் வேறு தலைப்பில் வெளிவந்தது. தாஹா ஹுசைனின் முடிவைப் பின்வந்த ஆய்வாளருள் பலர் ஏற்கவில்லை. ஆயினும் பதினொரு நூற்றாண்டுகளுக்குப் பின், ஜுஹைரின் மெய்ப்பாடல்களுக்கும் சான்று கேட்கும் நிலை வந்ததே! கலப்படத்தால் நேரும் பெருங்கேடு இதுதான். பொய் மெய்யாகத் தோன்றுவதைக் காட்டிலும், மெய் பொய்யாகத் தோன்றுவதே கொடிது.

இன்றைக்கு நல்ல நடையில் எழுதும் இளைஞனைப் பார்த்து, "இது நீ எழுதியதுதானா?" என்று ஆசிரியரும் கேட்கின்றார், இதழாசிரியரும் கேட்கின்றார். பொறியைத் தொட்டும் அறியாதவன் கூடக் கூண்டில் ஏற வேண்டியிருக்கின்றது. ஹம்மாத் செய்த செருகலுக்கு ஜுஹைர் கூண்டேறியது போன்றதே இதுவும்.

கவி பாடிய சக்கரம்

மனிதனைப் பற்றிக் கூறினோம். பொறியைப் பற்றியும் நம் முன்னோர் வாதிட்டதுண்டு. இப்னு கல்தூன் 1377இல் எழுதிய 'முகத்திமா'வில் 'ஸாயிர்ஜா' என்னும் விந்தைக் கருவியை விரிவாக விளக்குகின்றார். மராகிஷ் நகரில் ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த அபுல் அப்பாஸ் அஸ்ஸப்தி என்பாருக்கு அது உரியதாகச் சொல்லப்பட்டது. ஒன்றினுள் ஒன்றாக அமைந்த வட்டங்கள். அவற்றில் எழுத்துகளும் எண்களும். பின்புறம் ஒருபக்கம் 55, மறுபக்கம் 131 எனக் கட்டமிட்ட பெரும்பலகை. கேள்வியின் எழுத்துகளைப் பிரித்து, கணக்கு முறைப்படி வட்டங்களோடும் கட்டங்களோடும் பொருத்தி எழுத்தெழுத்தாக எடுத்தால், விடை செய்யுளாக வந்து விழுமாம். மாலிக் இப்னு வுஹைப் என்பாரின் பாட்டு ஒன்றே அதற்கு அச்சாணி. விடையும் அதன் யாப்பிலும் இயைபிலுமே அமையும்.

அன்றும் மக்கள் இரு கூறாயினர். மறைவானதை இது அறிவிக்கின்றது என மயங்கினோர் சிலர். இது வெறும் ஏமாற்று, இயக்குபவனே பாட்டை இயற்றிவிட்டுச் சக்கரத்தின்மேல் ஏற்றிச் சொல்கின்றான் என இகழ்ந்தோர் சிலர். இப்னு கல்தூன் இரண்டையும் மறுத்தார். ஏமாற்று அன்று, எழுத்துகளின் கணக்கினால் விடை உண்மையாகவே பிறக்கின்றது. ஆனால் அது கேள்வியின் சொற்களுக்கும் விடையின் சொற்களுக்கும் இடையே உள்ள பொருத்தமேயன்றி, விடைக்கும் உலகில் நடக்கும் உண்மைக்கும் உள்ள பொருத்தம் அன்று. மறைவானதை அறிய அதனால் ஒருபோதும் இயலாது. ஆறரை நூற்றாண்டுகள் கழிந்த பின்னும் இதனினும் தெளிவாக இக்காலப் பொறியை விளக்க ஒருவரால் இயலுமோ என ஐயுறுகின்றோம். கேள்விக்குப் பொருந்தும் சொற்களை அது தரும். அச்சொற்கள் உண்மைக்குப் பொருந்துகின்றனவா என்பதைப் பார்க்க வேண்டியவர் கேட்டவரே.

பார்க்கத் தவறியோர் பட்டதும் உண்டு. 2023இல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்றில் வழக்கறிஞர்கள் தாக்கல் செய்த மனுவில், பொறி புனைந்து தந்த, ஒருபோதும் நடவாத வழக்குகள் முன்தீர்ப்புகளாகக் காட்டப்பட்டிருந்தன. நீதிபதி 5,000 டாலர் தண்டம் விதித்தார். ஹம்மாதாவது தாம் புனைகின்றோம் என்பதை அறிந்திருந்தார். சத்தியம் வாங்கியபோது ஒப்புக்கொண்டார். பொறியிடம் சத்தியம் வாங்குவது எங்ஙனம்? ஆகவே அதன் சொல்லை எடுத்து வழங்கும் மனிதரே ராவி ஆகின்றார். பொறுப்பும் அவர்மேலேயே விழுகின்றது.

இக்காலத் தீர்ப்புகள்

அண்மை நிகழ்ச்சிகள் சிலவற்றைக் கலீபாவின் துலாக்கோலில் இட்டுப் பார்ப்போம்.

அமெரிக்கத் திரைப்பட, தொலைக்காட்சி எழுத்தாளர் சங்கத்தினர் 2023 மே 2 முதல் செப்டம்பர் 27 வரை 148 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். ஊதியம் முதலிய கோரிக்கைகளோடு செயற்கை நுண்ணறிவும் அதற்கு ஒரு காரணம். முடிவில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி, பொறியின் எழுத்து எழுத்தாளரின் படைப்பாகக் கருதப்படாது. பொறியைப் பயன்படுத்துமாறு எழுத்தாளரைக் கட்டாயப்படுத்தலாகாது. நிறுவனம் தரும் மூலப்பொருள் பொறியினால் ஆக்கப்பட்டதாயின் அதனை எழுத்தாளருக்கு முன்கூட்டியே அறிவித்தல் வேண்டும். நிறுவனத்தின் இசைவோடு எழுத்தாளர் தாமே விரும்பிப் பயன்படுத்துவதற்குத் தடையில்லை. கருவி விலக்கப்படவில்லை, மறைப்பே விலக்கப்பட்டது என்பது கருதத்தக்கது.

ஜப்பான் நாட்டின் புகழ்மிக்க அகுதாகவா பரிசு 2024 ஜனவரியில் ரியே குடான் என்னும் பெண் எழுத்தாளருக்குக் கிடைத்தது. தம் நாவலில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பங்கு பொறி தந்த சொற்றொடர்களே என்று அவரே வெளிப்படையாகக் கூறினார். கதையில் வரும் பொறி பேசும் இடங்களுக்கே அவற்றைப் பயன்படுத்தியதாகவும் பின்னர் விளக்கினார். வாதம் எழுந்தது, பரிசு நிலைத்தது. சத்தியம் வாங்குவதற்கு முன்பே உண்மையைச் சொல்லிவிட்ட ஹம்மாத் என இவரைக் கூறலாம்.

மறுபுறம், நூலாசிரியர்களின் குறையும் செவிமடுக்கப்பட வேண்டுவதே. ஆந்த்ரோபிக் என்னும் நிறுவனத்தின்மீது எழுத்தாளர்கள் தொடுத்த வழக்கில், 2025 ஜூனில் அமெரிக்க நீதிபதி இருவகையாகப் பிரித்துத் தீர்ப்பளித்தார். விலைகொடுத்து வாங்கிய நூல்களைக் கொண்டு பொறிக்குப் பயிற்சி அளித்தது சட்டத்திற்கு உட்பட்டது. திருட்டுப் பதிப்புகளைத் தொகுத்து நூலகமாக வைத்துக்கொண்டது அவ்வாறு அன்று. பின்னர் அந்நிறுவனம் 150 கோடி டாலர் வழங்க உடன்பட்டது. ஏறத்தாழ ஐந்து இலட்சம் நூல்களுக்கு, நூலொன்றுக்கு 3,000 டாலர் அளவில் அது அமைந்தது. கற்றல் வேறு, கவர்தல் வேறு என்னும் வேறுபாடு இங்கே தோன்றுகின்றது. ஜுஹைரும் அவ்ஸிடமிருந்தே கற்றார். ஆயினும் கற்றதைத் தம் பெயரால் பாடித் தாமே அதற்குப் பொறுப்பேற்றார். முன்னோரிடமிருந்து எடுக்காத எழுத்தாளன் எவனும் இல்லை என்பார்க்கு இதுவே விடை.

நம் வீட்டு மரபு

இவ்வழக்கு தமிழுக்குப் புதிதன்று. 'இடைச்செருகல்' என்னும் சொல்லே நம்மிடம் உண்டு. கம்பராமாயண ஏடுகளில் பின்னாளில் கலந்த பாடல்களுள் பலவற்றை வெள்ளியம்பலத் தம்பிரான் என்பார் இயற்றியதாக மரபு கூறும். அதனாலேயே அவை 'வெள்ளிப் பாடல்கள்' எனப் பெயர் பெற்றன. பதிப்பாசிரியர்கள் அவற்றைப் பிரித்து, 'மிகைப் பாடல்கள்' எனத் தனியே அச்சிட்டனர். கலீபா செய்ததும் இதுவே: அழிக்காமல் அடையாளம் இட்டு வைத்தல்.

நம் உமறுப் புலவரின் வரலாறு இதற்கு ஒளிமிக்க சான்று. நபிகளாரின் வரலாற்றைக் காவியமாகப் பாட முனைந்தபோது, சொல்வளமும் கற்பனையும் அவரிடம் குறைவறவே இருந்தன. ஆயினும் அவர் தம் கற்பனையை நம்பிப் பாடத் தொடங்கவில்லை. அரபுக் கிதாபுகளில் உள்ள செய்திகளை வேண்டி, சதக்கத்துல்லா அப்பா (ரஹ்) அவர்களை நாடிச் சென்றார் என்பது வழிவழி வந்த செய்தி. முதலில் மறுக்கப்பட்டும், அவர் காத்திருந்து அனுமதி பெற்றார் என்பர். தம்மை ஆதரித்த அபுல் காசிம் மரைக்காயரையும் காவியத்தின் இடையிடையே நன்றியோடு நினைந்து பாடினார். செய்தி யாரிடமிருந்து வந்தது, உதவி யாரிடமிருந்து வந்தது என்பதை மறைக்காத பெருந்தன்மையால் சீறாவின் அழகு ஒரு சிறிதும் குறைந்துவிடவில்லை.

ஹதீஸ் கலையை வளர்த்த பெருமக்கள் இஸ்னாது எனப்படும் அறிவிப்பாளர் தொடரைக் கேட்டது ஏன்? தொடக்கத்தில் யாரும் அதனைக் கேட்டதில்லை. குழப்பம் தோன்றிய பின்னரே, யாரிடம் கேட்டீர் எனக் கேட்கலாயினர் என்னும் கருத்தை இப்னு சீரீன் (ரஹ்) அவர்களிடமிருந்து இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்கள் பதிந்துள்ளார்கள். இன்று மீண்டும் குழப்பக் காலம். ஆகவே மீண்டும் அக்கேள்வி வேண்டும்.

சொல் தேடுவதற்கும், எழுத்துப்பிழை களைவதற்கும், நீண்ட நூலைச் சுருக்கிக் காண்பதற்கும் ஒருவர் பொறியை நாடினால், அகராதியை நாடியவர்மீது குறை காணாத நாம் அவர்மீதும் குறை காண வேண்டியதில்லை. சொற்றொடரையே எடுத்தாண்டால், எடுத்தாண்டதாக ஒரு வரி எழுதிவிடுதல் நேர்மை. ஆனால் அல்லாஹ்வின் பெயராலும், அவன் தூதரின் பெயராலும், நம்மைவிட்டு மறைந்த பெரியோர் பெயராலும் ஒரு சொல்லை எழுதும்போது, கிதாபைத் திறந்து கண்ணால் காணாமல் எழுதலாகாது. தம்மீது பொய்யுரைப்பார் குறித்து அண்ணலார் (ஸல்) விடுத்த எச்சரிக்கையின் கடுமை நாம் அறிந்ததே.

போட்டியின் முடிவையும் கூறிவிடுகின்றோம். நடுவர்கள் கூடிப் பேசி, அம்மாணவியின் நடைக்கு உரிய மதிப்பெண்ணை முழுமையாக அளித்தோம். அந்தப் 'பொன்மொழி' இடம்பெற்ற பகுதியைத் தள்ளினோம். முதற்பரிசு வேறொரு சிறுவனுக்குச் சென்றது. அவன் நடை அத்துணைச் செம்மையானதன்று. ஆயினும் ஒரு செய்தியை எழுதிவிட்டு, "இது என் பாட்டியார் சொல்லக் கேட்டது; நூலில் பார்க்க வேண்டும்" என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தான். முஃபள்ளலின் பெயரை அவன் கேள்வியுற்றிருக்கமாட்டான். விழா முடிந்ததும் அந்த மாணவி அவனிடம் சென்று, அவ்வரியைக் காட்டச் சொல்லிப் படித்துக்கொண்டிருந்ததைக் கண்டோம்.

நம் பிள்ளைகளின் எழுதுகோலுக்கு அழகையும், அதனினும் மிகுதியாக வாய்மையையும் எல்லாம் வல்ல அல்லாஹ் அருள்வானாக!